பசை போட்டு ஒட்டிய பல்பு

(நியூ ஜெர்சி, பே ஏரியா, டெக்சாஸ் தோழர்கள் சேர்ந்து நடத்திய மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

தோழர்களே, இங்கே எடிசனில் நேரில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும், பே ஏரியாவிலிருந்தும் டெக்சாஸிலிருந்தும் திரையில் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

போன கூட்டத்தில் வாடகை பற்றிப் பேசினோம். அதற்கு முந்தைய கூட்டத்தில் விசா. இந்த முறை பல்பு என்று அறிவிப்பு வந்ததும், "என்ன தோழர், பேச விஷயம் தீர்ந்துபோச்சா?"ன்னு ரெண்டு பேர் கேட்டாங்க. தீரவில்லை. நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தோழர் கேட்ட கேள்வியிலிருந்துதான் இது வருது. "ஃபியூஸ் போன எல்இடி பல்பை எந்தத் தொட்டியில போடணும்?" ஒருத்தர் நீலத் தொட்டி என்றார். இன்னொருத்தர் சாதாரணக் குப்பை என்றார். மூணாவது ஆள், கவுன்ட்டியில் அபாயக் கழிவு வாங்குற நாள் வரைக்கும் கராஜ்லயே வைங்க என்றார். அன்னைக்கு முழுக்க விவாதம். கடைசியில் யார் சொன்னது சரி என்பதே தெரியாமல் பேச்சு நின்னுபோச்சு.

நான் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். பல்பு நம் கையிலிருந்து தொட்டிக்குப் போகும் நேரத்தில், அதை மறுசுழற்சி செய்ய முடியுமா முடியாதா என்ற முடிவு எடுத்து ரொம்ப நாளாகியிருக்கும். அதை எடுத்தது பல்பை வடிவமைத்த நிறுவனம். எதை எதோடு ஒட்டுவது, எங்கே திருகு வைப்பது, எந்தப் பாகத்தைத் தனியாக விற்பது என்று அங்கே முடிவானதைத்தான் நாம் தொட்டி முன்னாடி நின்று அனுபவிக்கிறோம். அதனால் நம் அரசியலும் தொட்டியோடு நின்றுவிடக் கூடாது.

மேஜையில் நாலு விளக்கு வச்சிருக்கேன். ஒரு குண்டு பல்பு, ஒரு நாலடி டியூப், ஒரு சுருள் சிஎஃப்எல், ஒரு எல்இடி. வரிசையாகப் பார்ப்போம்.

குண்டு பல்பு

நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ஊருக்கு 1954 வரை ராரிடன் டவுன்ஷிப் என்று பெயர். மென்லோ பார்க்கில் எடிசனின் ஆய்வுக்கூடம் இருந்ததால் அவர் பெயரை ஊருக்கே வச்சாங்க. 1879இல் அங்கேதான் அவருடைய கரி இழை பல்பு எரிந்தது.

இந்தக் குண்டு பல்பில் என்ன இருக்கு? மெல்லிய கண்ணாடி, டங்ஸ்டன் இழை, ஒரு உலோக மூடி, பழைய பல்பு என்றால் அடியில் ஈயம் கலந்த பற்று. எல்லாம் சேர்த்து 30 கிராம் பக்கம்தான் வரும். கண்ணாடியிலிருந்து உலோகத்தைப் பிரிக்கிற கூலிக்கு அதில் கிடைக்கிற பொருள் கட்டுபடியாகாது. பாட்டில் கண்ணாடியோடு சேர்த்து உருக்கவும் ஆகாது. அதனால் நூறு வருஷமா அது குப்பைதான்.

ஆனால் இதைச் சுற்றி ஒரு அருமையான வடிவமைப்பு இருந்தது: திருகு சாக்கெட். விளக்கு வேறு, பல்பு வேறு. பல்பு போனால் நாற்காலி போட்டு ஏறி, கழற்றி, இன்னொன்றை மாட்டிடலாம். எந்தக் கம்பெனி பல்பும் எந்த விளக்கிலும் பொருந்தும். ஊர்ல நமக்கு இரண்டு பின் வைத்து அழுத்தித் திருப்பும் வகை. அதுவும் இதே தத்துவம்தான். குப்பைக்குப் போவது 30 கிராம் மட்டும், மத்ததெல்லாம் வீட்டிலேயே இருக்கும். இதை நினைவில் வச்சுக்கோங்க.

வடிவமைப்பு இன்னொரு விஷயத்தையும் முடிவு பண்ணுது: பொருள் எப்போது குப்பையாகணும் என்பதை. 1924 டிசம்பரில் ஜெனீவாவில் ஓஸ்ராம், பிலிப்ஸ் முதலிய உலகின் பெரிய பல்பு கம்பெனிகள் கூடி ஃபீபஸ் என்ற கூட்டமைப்பை உருவாக்கின. ஜெனரல் எலக்ட்ரிக் தன் வெளிநாட்டுக் கிளைகள் வழியாகக் கை கோத்தது. 1,500 முதல் 2,000 மணி நேரம் எரிந்த பல்பை 1,000 மணி நேரத்துக்குக் கொண்டுவர முடிவு செஞ்சாங்க. உறுப்பினர் கம்பெனிகள் தங்கள் பல்புகளை சோதனைக்கு அனுப்பணும். அளவுக்கு மேல் உழைக்கும் பல்பு செய்தால் அபராதம். நல்லா உழைச்சதுக்கு அபராதம் போட்ட ஒரே தொழில் இதுவாகத்தான் இருக்கும்.

இங்கே நியாயமா ஒன்று சொல்லணும். பே ஏரியா தோழர்களுக்கு லிவர்மோர் தீயணைப்பு நிலையத்துப் பல்பு தெரியும், 1901லிருந்து எரியுது. டெக்சாஸில் ஃபோர்ட் வொர்த் ஸ்டாக்யார்ட்ஸ் அருங்காட்சியகத்தில் 1908இல் ஏற்றிய பல்பு இருக்கு. இவற்றின் படத்தைப் போட்டு "பாத்தீங்களா சதியை" என்று வாட்ஸ்அப்பில் சுத்துது. லிவர்மோர் பல்பு இன்று தரும் வெளிச்சம் சுமார் 4 வாட் அளவுதான், ராத்திரி விளக்கு மாதிரி. இழையைச் சூடு குறைச்சு எரித்தால் நீண்ட நாள் உழைக்கும், வெளிச்சம் குறையும், அதே வெளிச்சத்துக்கு மின்சாரம் கூடுதலாகும். 1,000 மணி என்பது இதற்கு நடுவில் ஒரு சமரசம் என்று வாதிட இடம் இருக்கு. ஆனால் அந்தச் சமரசத்தை மூடிய அறைக்குள் உட்கார்ந்து முடிவு பண்ணினவங்க, அதிக பல்பு விற்றால் லாபம் பார்க்கும் ஆட்கள். 1949இல் இதே நியூ ஜெர்சியின் கூட்டாட்சி நீதிமன்றம், பல்பு சந்தையை ஏகபோகமாக்கியதாக ஜெனரல் எலக்ட்ரிக் மீது தீர்ப்புச் சொன்னது. நமக்கு எதிரி 1,000 என்ற எண் இல்லை தோழர்களே. அந்த எண்ணை யார் முடிவு செய்வது என்பதுதான் கேள்வி.

டியூப் லைட்

இரண்டாவது டியூப். புரிய நேரமாகிறவனை 'டியூப்லைட்'னு திட்டுவோம். ஆனால் வடிவமைப்பில் இது கெட்டிக்காரப் பொருள். நம்ம வீட்டுல எப்படி இருந்தது? பட்டி தனி, சோக் தனி, ஸ்டார்ட்டர் தனி, டியூப் தனி. விட்டு விட்டு எரிஞ்சா முதல்ல ஸ்டார்ட்டரை மாத்திப் பாப்போம். அப்புறம் டியூப். சோக் வருஷக்கணக்கில் கிடக்கும். எந்தப் பாகம் போச்சோ அது மட்டும் வெளியே போகும்.

மறுசுழற்சிக்கும் அது தோதானது. நேரான குழாய். இயந்திரத்தில் இரண்டு முனையையும் வெட்டினால் அலுமினிய மூடி தனியா வந்துடும். காற்றை ஊதினால் உள்ளே பூசிய பொடி தனியா வரும். மிச்சம் சுத்தமான கண்ணாடி. பொடியைச் சூடாக்கி அதிலிருக்கும் பாதரசத்தை ஆவியாக்கிக் குளிர்வித்துப் பிடிக்கலாம். எல்லாம் மறுபடி பயன்படும்.

பிரச்சினை அந்தப் பாதரசம். 1980களில் ஒரு நாலடி டியூபில் 40 மில்லிகிராமுக்கு மேல் இருந்தது. அது எப்படிக் குறைஞ்சது? 1990இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை புதிய நச்சுச் சோதனையைக் கொண்டுவந்தது. கழிவிலிருந்து கசியும் பாதரசம் அளவு தாண்டினால் அது அபாயக் கழிவு, தூக்கிப்போடச் செலவு அதிகம். அதற்குப் பிறகு 1995இல் பிலிப்ஸ் பச்சை நிற மூடி போட்ட குறைந்த பாதரச டியூபைக் கொண்டுவந்தது. பொறியாளர்களின் திறமை முன்னேயும் இருந்ததுதான். சட்டம் வந்ததும் அது வேலை செய்ய ஆரம்பிச்சது.

இதுல ஒரு முரணும் இருக்கு. பச்சை மூடி டியூப் சோதனையில் தேறியதால், பல மாநிலங்களில் அதைச் சாதாரணக் குப்பையில் போடலாம் என்று ஆனது. ஒரு டியூபில் நஞ்சு குறைஞ்சது, ஆனால் மறுசுழற்சிக்குப் போகவேண்டிய கட்டாயமும் குறைஞ்சது. சட்டம் எதை அளக்குதோ அதைத்தான் கம்பெனி வடிவமைக்கும்.

சிஎஃப்எல்

மூணாவது, இந்தச் சுருள். டியூபை மடக்கி, சுருட்டி, சோக்கையும் சேர்த்து ஒரே பிளாஸ்டிக் கூட்டுக்குள்ள அடைச்சு, அடியில் எடிசனின் திருகை வச்சாங்க. பழைய சாக்கெட்டில் அப்படியே பொருந்தும், அதனால விற்றது. ஆனால் உள்ளே இருக்கும் மின்னணுச் சோக் பல நேரம் குழாயை விட நீண்ட நாள் உழைக்கக்கூடியது. குழாய் போனதும் நல்ல சோக்கும் சேர்ந்து குப்பைக்குப் போகும். குழாயையும் சோக்கையும் தனித்தனியா வச்ச பின் வகை சிஎஃப்எல் அப்போதே இருந்தது. அலுவலகங்கள் வாங்கின. வீட்டுச் சந்தையில் ஒட்டிய வகை ஜெயிச்சது.

மறுசுழற்சி ஆலைக்கு இது தலைவலி. வெட்டி ஊத நேரான முனை இல்லை. மொத்தமா நொறுக்கணும். நொறுக்கினால் கண்ணாடி, பிளாஸ்டிக், சர்க்யூட் போர்டு, பாதரசப் பொடி எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துடும். சராசரியா ஒரு பல்பில் 4 மில்லிகிராம் பாதரசம்தான். ஆனால் அது வீட்டுக்கு வீடு சிதறிக் கிடக்கும் 4 மில்லிகிராம்.

கலிபோர்னியா 2006 பிப்ரவரியிலிருந்து இவற்றை வீட்டுக் குப்பையில் போடக்கூடாது என்றது. டெக்சாஸில் வீடுகளுக்கு அப்படித் தடை இல்லை. மெயின், வெர்மான்ட், வாஷிங்டன் மாநிலங்கள் தயாரிப்பாளர்களே சேகரிப்புச் செலவை ஏற்கணும் என்று சட்டம் போட்டன. கடைசியில் 2022இல் வெர்மான்ட்டும் கலிபோர்னியாவும் விற்பனையையே நிறுத்தச் சட்டம் கொண்டுவந்தன. கலிபோர்னியாவில் 2024 ஜனவரியிலிருந்து திருகு சிஎஃப்எல் விற்கக் கூடாது, 2025 ஜனவரியிலிருந்து பின் வகையும் டியூபும் கூடாது. பிரிக்க முடியாத பொருளைச் சேகரிச்சுக் கரையேற முடியலைன்னா, செய்வதையே நிறுத்துவதுதான் வழி என்று ஒத்துக்கொண்ட மாதிரி.

பாதரசம் யார் உடம்பில்?

மில்லிகிராம் கணக்கு பேசும்போது மனிதர்கள் மறைஞ்சு போறாங்க. மூணு இடம் சொல்றேன்.

முதலாவது, இங்கேருந்து அரை மணி நேரத்தில் ஹோபோக்கன். கிராண்ட் ஸ்ட்ரீட்டில் ஒரு கட்டடம். 1910களில் கூப்பர் ஹீவிட் கம்பெனி அங்கே பாதரச ஆவி விளக்கு செய்தது, பிறகு அது ஜெனரல் எலக்ட்ரிக் கைக்குப் போனது. 1990களில் அதையே வீடுகளா மாற்றி ஓவியர்கள், கலைஞர்கள் குடும்பத்தோடு குடிவந்தாங்க. 1995இல் தரைக்கு அடியில் பாதரசம் தேங்கி நிற்பது தெரிந்தது. சோதித்தவர்களில் பெரும்பாலோரின் சிறுநீரில் பாதரசம் அதிகம், குழந்தைகள் உட்பட. 1996 ஜனவரியில் எல்லோரையும் வெளியேற்றினார்கள். அடுத்த ஆண்டு அந்த இடம் நாட்டின் மிக மோசமான மாசுத் தளங்களின் பட்டியலில் சேர்ந்தது. கட்டடத்தையே இடிக்கவேண்டி வந்தது. விளக்கு செய்த கம்பெனி போய்ப் பல பத்தாண்டு கழிச்சு, விளக்கு செய்யாத பிள்ளைகள் உடம்பில் அது வந்து சேர்ந்தது.

இரண்டாவது, விஸ்கான்சின். 2017இல் ஒரு டியூப் லைட் மறுசுழற்சி ஆலையில் அரசு சுகாதாரக் குழு சோதனை செய்தது. தொழிலாளர்கள் சுவாசித்த காற்றிலும், பெரும்பாலோரின் சிறுநீரிலும் பாதரசம் வழிகாட்டு அளவைத் தாண்டியிருந்தது. நாம் 'சரியாக' மறுசுழற்சிக்குக் கொடுத்த விளக்குதான் அங்கே போய் நொறுங்கியது. 'பசுமை வேலை' என்று சொல்லும்போது இதையும் நினைக்கணும்.

மூணாவது நம்ம கொடைக்கானல். அது விளக்கு இல்லை, தெர்மாமீட்டர். ஆனால் கண்ணாடிக்குள் பாதரசம் என்ற அதே கதை. நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இருந்த ஆலையை 1980களின் தொடக்கத்தில் கழற்றிக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோனாங்க. பிறகு அது ஹிந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 2001இல் முஞ்சிக்கல் காயலாங்கடையில் உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி மூட்டை மூட்டையாகக் கிடப்பதை ஊர் மக்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் வெளியே கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003இல் 290 டன் பாதரசக் கழிவைக் கப்பலேற்றி மறுசுழற்சிக்காக பென்சில்வேனியாவுக்குத் திருப்பி அனுப்பவேண்டி வந்தது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு 2016இல்தான் ஒரு உடன்பாடு கிடைச்சது. அமெரிக்காவிலிருந்து போன ஆலை, அமெரிக்காவுக்கே திரும்பிய கழிவு, நடுவில் நம் மக்களின் சிறுநீரகமும் நரம்பும்.

எல்இடி

இப்போ நாலாவது. இதில் பாதரசம் இல்லை. 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 8, 9 வாட்டில் தருது. இது உண்மையான முன்னேற்றம், இதைக் குறை சொல்ல நான் வரலை. 2023 ஆகஸ்டிலிருந்து, ஒரு வாட்டுக்கு 45 லூமனுக்குக் குறைஞ்ச சாதாரண பல்பை இந்த நாட்டில் விற்கக் கூடாது. அதாவது நாம எல்லோருமே எல்இடிதான் வாங்கியாகணும்.

இதைத் திறந்து காட்டணும்னு நேற்று ராத்திரி மூணு பல்போடு உட்கார்ந்தேன். ஒண்ணு கூட நல்லபடியாத் திறக்கலை. வெள்ளை மூடி, அலுமினிய உடல், வெளியே பிளாஸ்டிக் உறை, எல்லாம் பசையால் ஒட்டியிருக்கு. சுத்தியல் எடுத்த பிறகுதான் உள்ளே பார்க்க முடிஞ்சது. பாருங்க: ஒரு அலுமினியத் தட்டில் குட்டி எல்இடிகள். அடியில் டிரைவர், அதாவது வீட்டு மின்சாரத்தை எல்இடிக்கு ஏத்த மாதிரி மாத்திக் கொடுக்கும் சர்க்யூட். சில பல்புகளில் டிரைவரைச் சுற்றி ரப்பர் மாதிரி ஒரு பொருளை ஊற்றி இறுக வச்சிருப்பாங்க.

இதில் முதலில் சாவது பெரும்பாலும் எல்இடி இல்லை. டிரைவரில் இருக்கும் கெப்பாசிட்டர், இல்லைன்னா ஒரு பற்று. சூடு பட்டுப் பட்டு அது போயிடும். சில காசு பெறுமான ஒரு பாகத்துக்காக மொத்தமும் குப்பை. பெட்டியில் என்ன போட்டிருக்கு? 22.8 வருஷம். 25,000 மணியை, ஒரு நாளைக்கு மூணு மணி என்று வகுத்து வரும் கணக்கு அது. எல்இடி மெல்ல மெல்ல மங்குவதை வைத்துச் சொல்லும் ஆயுள், டிரைவருக்கும் சேர்த்து அச்சாகுது. மூடிய கூண்டு விளக்குக்குள் அதை மாட்டினால் சூட்டில் சில வருஷத்திலேயே போகுது. சென்னைப் பாஷையில் சொன்னால், கடையில் நாம உண்மையிலேயே பல்பு வாங்கிட்டுத்தான் வர்றோம்.

மறுசுழற்சி ஆலையில் இதை என்ன செய்வாங்க? ஒவ்வொண்ணாத் திறக்கக் கூலி கட்டாது. அரைப்பாங்க. அலுமினியமும் பிளாஸ்டிக்கும் ஒட்டியே வார்க்கப்பட்டிருப்பதால் அரைச்ச பிறகும் சுத்தமாப் பிரியாது. எல்இடிக்குள்ள காலியம் மாதிரி அரிய பொருட்கள் உண்டு, ஆனால் தூசி அளவு. இதில் ஈயம், செம்பு பற்றியும் யோசிக்கணும். 2011இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன், டேவிஸ் ஆய்வாளர்கள் பண்டிகை விளக்குச் சரங்களில் வரும் சின்ன எல்இடிகளைச் சோதிச்சாங்க. சிவப்பு எல்இடிகளில் ஈயம் கலிபோர்னியா வரம்பை மீறியிருந்தது. பாதரசம் இல்லை என்பதால் பல மாநிலங்களின் விளக்குச் சேகரிப்புச் சட்டம் பாதரச விளக்குக்கு மட்டும்தான், எல்இடி அதில் வராமலே போச்சு. அதனால்தான் நம்ம வாட்ஸ்அப் குழுவில் யாருக்கும் பதில் தெரியலை. பதிலே எழுதப்படாத கேள்வி அது.

ரிச்சி தெருவும் கூரை விளக்கும்

பசை தொழில்நுட்பத்தின் கட்டாயம் என்று நினைக்காதீங்க. சென்னை ரிச்சி தெருவில் 9 வாட் எல்இடி பல்பு உதிரியாகக் கிடைக்கும். கூடு தனி, மூடி தனி, எல்இடித் தட்டு தனி, டிரைவர் தனி. மூடி அழுத்தி மாட்டும் வகை, திருகினால் திறக்கும். தட்டு திருகில் நிற்கும். ஃபியூஸ் போன பல்பைச் சின்ன எலக்ட்ரிகல் கடையில் கொடுத்தால் தட்டை மாற்றி சில பத்து ரூபாயில் திருப்பித் தர்றாங்க. ஊர் ஊரா இது ஒரு பிழைப்பு. பெரிய ஆராய்ச்சி எதுவும் இல்லை. பசைக்குப் பதில் ஒரு கொக்கி, அவ்வளவுதான்.

இங்கே நிலைமை எதிர்த்திசையில் போகுது. டெக்சாஸ் தோழர்களைக் கேட்கிறேன். புது வீடுகளில் கூரையில் தட்டையா வட்ட விளக்கு இருக்கே, அதில் பல்பு எங்கே? கிடையாது. எல்இடி விளக்கோடு பிறந்தது. ஒண்ணு போனால் முழு விளக்கும் போகணும். அதே மாடல் கடையில் இருக்காது, பக்கத்து விளக்கோட நிறமும் ஒத்துப்போகாது. நாற்காலி போட்டு ஏறி மாத்துற வேலை, எலக்ட்ரிஷியனைக் கூப்பிடுற வேலையா மாறிடுச்சு.

கலிபோர்னியாவில் இதற்குச் சட்டமே ஒரு காரணம். கூரைக்குள் பதிக்கும் விளக்கில் திருகு சாக்கெட் இருக்கக் கூடாது என்று அந்த மாநிலத்தின் கட்டட எரிசக்தி விதி சொல்லுது. நோக்கம் நல்லது. யாரும் திரும்பக் குண்டு பல்பை மாட்டி மின்சாரத்தை வீணாக்கக் கூடாது. ஆனால் சட்டம் வாட்டை மட்டும் பார்த்தது, கழற்றுவதைப் பார்க்கலை. எடிசன் காலத்திலிருந்து விளக்கையும் பல்பையும் பிரிச்சு வச்ச அந்த நல்ல ஏற்பாட்டை, மின்சாரம் சேமிக்கிற பேரில் நாமே விட்டுக்கொடுத்திருக்கோம்.

முடியாததா?

முடியும். மூணு உதாரணம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விளக்கு விதி 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. விளக்குக்குள் இருக்கும் ஒளி மூலத்தையும் அதை இயக்கும் டிரைவரையும் சாதாரணக் கருவிகளால், விளக்கு சேதமாகாமல் மாற்ற முடியணும் என்பது பொது விதி. முடியாது என்றால் தயாரிப்பாளர் தொழில்நுட்பக் காரணம் காட்டணும். ஓட்டைகள் உண்டு. இருந்தாலும் விளக்கம் சொல்லவேண்டிய பொறுப்பு கம்பெனி பக்கம் போயிருக்கு.

துபாய். 2016இல் அந்த நகராட்சி பிலிப்ஸோடு ஒப்பந்தம் போட்டு ஒரு பல்பு செய்ய வச்சது. எல்இடிகளின் எண்ணிக்கை கூடுதல், ஒவ்வொன்றிலும் ஓடும் மின்னோட்டம் குறைவு. அதனால் சூடு குறைவு, ஆயுள் அதிகம், மின்சாரமும் குறைவு. அதே கம்பெனி, அதே அறிவு. ஆரம்பத்தில் துபாயில் மட்டும் விற்றது. கேட்க ஒரு அரசு இருந்தது, செஞ்சு கொடுத்தாங்க. தொழிலாளர் உரிமைக்கு நாம் துபாயை உதாரணம் காட்ட மாட்டோம், பல்புக்குக் காட்டலாம்.

மூணாவது, கை நழுவிய வாய்ப்பு. இந்தியாவில் 2015 ஜனவரியில் உஜாலா திட்டம் தொடங்கியது. அரசு மொத்தமா வாங்கியதால் 2014இல் 310 ரூபாயாக இருந்த எல்இடி பல்பின் கொள்முதல் விலை 2016இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. 36 கோடிக்கு மேல் பல்பு விநியோகமாச்சு. விலையை எட்டில் ஒரு பங்காக இறக்குகிற பலம் அந்த டெண்டருக்கு இருந்தது. "மூடி திருகித் திறக்கணும், டிரைவர் தனியா வரணும், பழைய பல்பைத் திரும்ப வாங்கணும்" என்று மூணு வரி சேர்க்கவும் அதே பலம் போதும். அந்த 36 கோடியும் ஒருநாள் ஃபியூஸ் போகும். அதைக் குப்பையிலிருந்து கையால் பொறுக்கப் போவது யார் என்று நமக்குத் தெரியும். தூய்மைப் பணியில் யார் இருக்காங்க, எந்தச் சாதியிலிருந்து வர்றாங்க என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இங்கேயும் பிரிப்பு ஆலையில் கன்வேயர் முன்னாடி நிற்பது பெரும்பாலும் நம்மைவிடக் குறைந்த கூலிக்கு வந்த குடியேறிகள்தான்.

ஒரு மறுப்பு வரும், அது நியாயமானது. "பல்பைத் திறக்க விட்டால் ஷாக் அடிக்கும்." ஆமா, மலிவான டிரைவர்களில் வீட்டு மின்சாரம் நேரடியா உள்ளே வரும். சாக்கெட்டில் இருக்கும்போது யாரும் திறக்கக் கூடாது. அதனால் நாம் கேட்பது இரண்டு தனி விஷயம். பல்பு என்றால், கழற்றிய பிறகு ஆலைத் தொழிலாளி ஒரு திருப்பில் பிரிக்கிற மாதிரி இருக்கணும். நிலையான விளக்கு என்றால், டிரைவரும் எல்இடித் தட்டும் தனித்தனியா, பொது அளவில், கடையில் வாங்கி மாற்றுகிற மாதிரி இருக்கணும். இரண்டுமே பாதுகாப்பாகச் செய்யக்கூடியதுதான்.

நாம் என்ன செய்யலாம்

முதலில் வீட்டு வேலை. பழைய சிஎஃப்எல், டியூப் எதையும் குப்பையிலோ நீலத் தொட்டியிலோ போடாதீங்க. கவுன்ட்டி அபாயக் கழிவு சேகரிப்புக்கோ, வாங்கிக்கொள்ளும் கடைக்கோ கொடுங்க. உடைஞ்சுட்டா ஏசியையும் ஹீட்டரையும் நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, பத்து நிமிஷம் எல்லோரும் வெளியே இருங்க. வேக்குவம் போடாதீங்க, அது பாதரசத்தை வீடு முழுக்கப் பரப்பிடும். கெட்டி அட்டையால் அள்ளி, துகளை டேப்பில் ஒற்றி எடுத்து, மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் போடுங்க. எல்இடியை மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கேட்டுப் பாருங்க. வீடு புதுப்பிக்கும்போது சாக்கெட் உள்ள விளக்கையே கேளுங்க.

ஆனால் இதோடு திருப்திப்பட்டுட்டா, நான் இவ்வளவு நேரம் பேசினது வீண். பசை போட்டு ஒட்டிய பொருளை நம்ம மனசாட்சியால பிரிக்க முடியாது. குற்றவுணர்ச்சியை வீட்டுக்கு அனுப்பிட்டு லாபத்தை வச்சுக்கிற ஏற்பாடு இது. கலிபோர்னியாவின் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது, பெரிய வெற்றிதான். ஆனால் 50 டாலருக்குக் குறைஞ்ச பொருளை அது தொடவே இல்லை. மூணு டாலர் பல்பு அதன் கண்ணில் படாது. ஒரு வீட்டில் நாற்பது ஐம்பது பல்பு இருக்கும் என்பதும் அதன் கண்ணில் படாது.

அதனால் மூணு மாநிலத் தோழர்களும் சேர்ந்து எடுத்துக்கொள்ள நான் முன்மொழியும் கோரிக்கைகள் நாலு. ஒன்று, விளக்குச் சேகரிப்புச் சட்டங்களில் எல்இடியும் வரணும், செலவு தயாரிப்பாளருடையது. இரண்டு, பிரிக்க முடியாத விளக்குக்கு அந்தக் கட்டணம் கூடுதலா இருக்கணும். பசைக்கு விலை வந்தால்தான் கொக்கி வரும். மூணு, மாநிலமும் நகராட்சியும் பள்ளிகளும் விளக்கு வாங்கும்போது டிரைவர் மாற்றக்கூடியதை மட்டும் வாங்கணும். இது நகர மன்றத்தில் பேசியே கொண்டுவரக்கூடியது, சட்டமன்றம் வரை போகவேண்டாம். நாலு, மறுசுழற்சி ஆலைத் தொழிலாளர்களின் உடல்நலச் சோதனையும் சங்கம் வைக்கும் உரிமையும் இந்தச் சட்டங்களுக்குள்ளேயே எழுதப்படணும். அவங்க இல்லாமல் விளக்கு பற்றி எந்தச் சட்டமும் முழுமையில்லை.

ஒரு வாட்டுக்கு எத்தனை லூமன் என்று கம்பெனிக்குக் கட்டளையிடத் தெரிந்த அரசுக்கு, எங்கே ஒரு திருகு வேண்டும் என்று சொல்லவும் தெரியும். சொல்ல வைப்பதுதான் நம்ம வேலை. மூன்றாவது கோரிக்கையிலிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து. உங்க ஊர் நகர மன்றம் அடுத்து எப்போது கூடுது, விளக்குக் கொள்முதல் யார் கையில் இருக்கு என்று பார்த்து, அடுத்த கூட்டத்துக்கு வரும்போது சொல்லுங்க. இப்போ கேள்விகளுக்கு வருவோம்.